எந்த இழை, எந்தத் திசை: மரவள்ளி வைரசின் மரபணுக்களை வாசித்தல்

சுன்னாகம் சந்தையில் குவியும் மரவள்ளிக் கிழங்கு, அவித்த கிழங்காகச் சம்பலோடும், ஒடியற் கூழுக்குள் துண்டுகளாகவும் குடாநாட்டு வீடுகளில் நெடுங்காலமாக இடம்பெற்றுவரும் உணவு. வலிகாமத்துச் செம்மண்ணில் இப்பயிரை விதையிட்டு வளர்ப்பதில்லை. முதிர்ந்த செடியின் தடியைத் துண்டுகளாக வெட்டி ஊன்றுவதே வழக்கம் என்பதால், தாய்ச் செடியின் உடலில் எந்த நோய் இருந்தாலும் அது தடியோடு சேர்ந்து அடுத்த வளவுக்கும் அடுத்த ஊருக்கும் போய்விடுகின்றது. இவ்வாறு தடியோடு பயணம் செய்யும் நோய்களுள் முதன்மையானது தேமல் நோய். இலையில் வெளிர்மஞ்சளும் பச்சையும் திட்டுத்திட்டாகத் தோன்றி, இலை ஒருபக்கமாக நெளிந்து சிறுத்து, கடைசியில் கிழங்கு பருக்காமல் போகும் இந்நோயை ஒரு வைரசு உண்டாக்குகின்றது. அதை ஒரு செடியிலிருந்து மற்றொன்றுக்குக் கடத்துவது வெண் ஈ.

இலங்கையின் பெயரையே தாங்கிய மரவள்ளித் தேமல் வைரசு ஒன்று உண்டு. ‘இலங்கை மரவள்ளித் தேமல் வைரசு’ எனப்படும் அதன் மரபுத்தொகுதியை, இங்கிலாந்தின் ஜோன் இன்னிஸ் நிலையத்தைச் சேர்ந்த கீத் சோண்டர்ஸ், ஜோன் ஸ்டான்லி முதலியோரும் இந்தியாவின் வி. ஜி. மாலதி உள்ளிட்ட ஆய்வாளர்களும் சேர்ந்து 2002ஆம் ஆண்டில் விவரித்தனர். தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் மரவள்ளித் தோட்டங்களில் காணப்படும் இந்த வைரசு, 2015இல் கம்போடியாவில் கண்டறியப்பட்டு, அடுத்த சில ஆண்டுகளுக்குள் வியட்நாம், தாய்லாந்து, சீனா, லாவோஸ் ஆகிய நாடுகளிலும் பதிவாகியது. மரவள்ளியின் தாயகமான தென்னமெரிக்காவில் இவ்வகைத் தேமல் வைரசுகள் இல்லை. ஆதலால், பயிர் இங்கு வந்து சேர்ந்த பின்னர், இங்கிருந்த செடிகளிலிருந்தே வைரசு அதற்குத் தொற்றியிருக்க வேண்டும் என்று கொள்ளப்படுகின்றது.

ஓர் இலையில் இருப்பது இந்த வைரசுதானா, அதன் நெருங்கிய உறவான இந்திய மரவள்ளித் தேமல் வைரசா, அல்லது இரண்டும் கலந்து உருவான வேறொன்றா என்பதை இலையின் நிறத்தைப் பார்த்துச் சொல்லிவிட முடியாது, டி.என்.ஏ.யின் எழுத்துவரிசையை வாசித்தே சொல்ல வேண்டும். அவ்வாறு வாசித்த வரிசை கையில் கிடைத்தவுடன் ஆய்வாளர் தீர்க்க வேண்டிய முதற்கேள்வி, அந்த வரிசை எந்த இழைக்குரியது, அதை எந்த முனையிலிருந்து வாசிப்பது என்பதே. கருவி எழுத்துகளைத் தந்துவிடுகின்றது, திசையைத் தருவதில்லை.

டி.என்.ஏ. என்பது அடினின், தைமின், குவானின், சைற்றோசின் என்னும் நான்கு மூலங்களால் ஆன நீண்ட இழை. இவற்றை முறையே அ, தை, கு, சை என்று சுருக்கிக்கொள்ளலாம். 1953இல் வாட்சனும் கிரிக்கும் காட்டியபடி, இரண்டு இழைகள் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டிருக்க, ஓர் இழையின் அ-வுக்கு எதிரே மற்ற இழையில் தை-யும், கு-வுக்கு எதிரே சை-யும் அமைந்திருக்கின்றன. இழையின் முதுகெலும்பாக நிற்கும் ஐங்காபன் வெல்லத்தின் ஐந்தாம் காபனில் முடியும் முனை 5′ முனை என்றும், மூன்றாம் காபனில் முடியும் முனை 3′ முனை என்றும் பெயர் பெறும். இரு இழைகளும் எதிரெதிர்த் திசையில் ஓடுவதால், ஒன்றின் 5′ முனைக்கு எதிரே மற்றதன் 3′ முனை இருக்கும். வரிசையை எப்போதும் 5′ முனையிலிருந்து எழுதுவது உலக வழக்கம். எனவே ஒரே ஈரிழை மூலக்கூறை இரண்டு விதமாக எழுதலாம், இரண்டும் சரி: ஓர் இழையில் அ-தை-கு என்று இருப்பது, மற்ற இழையை அதன் 5′ முனையிலிருந்து வாசிக்கும்போது சை-அ-தை என்று ஆகும். வரிசையைப் பின்னிருந்து முன்னாகத் திருப்பி, ஒவ்வோர் எழுத்துக்கும் அதன் இணையை இட்டால் கிடைக்கும் இவ்வடிவத்தைத் தலைகீழ் நிரப்பி என்று சொல்லலாம்.

மூலக்கூறுக்கு இரண்டும் ஒன்றாயினும் மரபணுவுக்கு அப்படியல்ல. மரபணு படியெடுக்கப்படும்போது ஒரு நொதியம் ஓர் இழையை மட்டும் அச்சாகக் கொண்டு ஆர்.என்.ஏ.யை ஆக்குகின்றது, அந்த ஆர்.என்.ஏ.யின் வரிசை, அச்சாகாத மற்ற இழையின் வரிசையை ஒத்திருக்கும். ஒத்திருக்கும் இவ்விழையே அம்மரபணுவின் குறியீட்டு இழை, அதன் 5′ முனையிலிருந்து மும்மூன்று எழுத்தாகச் சென்றால் மட்டுமே புரதம் கிடைக்கும். மரபணுவின் ‘சரியான திசை’ என்பதன் பொருள் இவ்வளவே. ஆனால் இது மரபணுவுக்கு மரபணு மாறக்கூடியது, ஒரே டி.என்.ஏ. துண்டில் ஒரு மரபணு ஓர் இழையிலும் அடுத்தது எதிரிழையிலும் இருக்கலாம்.

மரவள்ளி வைரசில் இந்த நிலைமை மிகத் துலக்கமாகக் காணப்படுகின்றது. அதன் மரபுத்தொகுதி ஏ, பி என்னும் இரண்டு வட்ட டி.என்.ஏ.க்களால் ஆனது, ஒவ்வொன்றும் ஏறக்குறைய 2,700 எழுத்து நீளமுடையது. இரட்டைப் பழம் போல ஒட்டிய உறைக்குள் இருக்கும்போது ஒவ்வொரு வட்டமும் ஓரிழையாகவே இருக்கின்றது. செடியின் கலத்துக்குள் புகுந்து உட்கருவை அடைந்த பிறகே, கலத்தின் நொதியங்கள் அதற்கு எதிரிழையை ஆக்கி ஈரிழை வட்டமாக்குகின்றன. அந்த ஈரிழை வட்டத்தில், மரபணுக்கள் இல்லாத சிறு இடைவெளி ஒன்றிலிருந்து படியெடுப்பு இரண்டு பக்கமாகவும் புறப்படுகின்றது. உறையில் இருந்த இழையின் திசையில் வாசிக்கப்படுபவற்றை ‘வி’ என்றும், எதிரிழையில் வாசிக்கப்படுபவற்றை ‘சி’ என்றும் குறிப்பது வழக்கம். ஏ வட்டத்தில் உறைப்புரதத்தின் மரபணு ஏவி1. வைரசின் பெருக்கத்தைத் தொடக்கிவைக்கும் புரதத்தின் மரபணு ஏசி1. ஏசி1-இன் உள்ளேயே, அதே இழையில், மும்மூன்றாகப் பிரிக்கும் சட்டம் ஓரெழுத்து நகர்ந்து, ஏசி4 என்ற இன்னொரு மரபணுவும் அடங்கியிருக்கின்றது. இவ்வளவு சிறிய இடத்தில் இயற்கை காட்டியிருக்கும் சிக்கனம் வியக்கத்தக்கது. வாசிப்பவருக்கு அதுவே தொல்லை.

ஆய்வுகூடத்தில் திசை தொலைந்துபோவது எப்படி என்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். நோயுற்ற இலையிலிருந்து எடுத்த டி.என்.ஏ.யில், வட்ட மூலக்கூறுகளைச் சுற்றிச்சுற்றிப் படியெடுக்கும் ஃபை29 என்ற நொதியத்தால் வைரசின் வட்டங்கள் பெருக்கப்படுகின்றன. கிடைக்கும் நீண்ட ஈரிழைச் சங்கிலியை, வட்டத்தில் ஓரிடத்தில் மட்டும் வெட்டும் நொதியம் ஒன்றால் வெட்டினால் முழுநீள ஒற்றைத் துண்டுகள் கிடைக்கும். அவற்றுள் ஒன்றைப் பற்றீரியாவின் சிறு வட்ட டி.என்.ஏ.க்குள் பொருத்தி வளர்ப்பார்கள். இதற்குப் பெரிதும் பயன்படும் பாம்எச்1 நொதியம் கு-கு-அ-தை-சை-சை என்ற ஆறெழுத்தைக் கண்டால் வெட்டும். இந்த ஆறெழுத்தின் தலைகீழ் நிரப்பியும் கு-கு-அ-தை-சை-சை தான். சம்பந்தரின் மாலைமாற்றுப் பதிகத்தில் அடியை முன்னிருந்து வாசித்தாலும் பின்னிருந்து வாசித்தாலும் ஒன்றாக வருவதை இது நினைவூட்டும், டி.என்.ஏ.யின் மாலைமாற்றோ எதிரிழைக்குத் தாவித் திரும்பி வாசிக்கும்போது ஒன்றாக வருவது. வெட்டுண்ட துண்டின் இரு முனைகளும் இவ்வாறு ஒரே மாதிரி அமைவதால், அத்துண்டு பற்றீரியாவின் வட்டத்துக்குள் இப்படியும் பொருந்தும், அப்படியும் பொருந்தும். எது நடந்தது என்பதை வெளியிலிருந்து அறிய வழியில்லை. பின்னர் துண்டின் இரு பக்கமிருந்தும் பகுதி பகுதியாக வாசிக்கும்போது, ஒரு பக்கத்து வாசிப்புகள் எதிரிழைக்குரியவையாக வரும். அவற்றைத் திருப்பியே மற்றவற்றோடு இணைக்க வேண்டும். இணைத்து முடிந்ததும் கையில் இருப்பது, வைரசின் வட்டத்தில் நொதியம் வெட்டிய ஏதோ ஓரிடத்தில் தொடங்கி, இரண்டு இழைகளில் ஏதோ ஒன்றைக் காட்டும் வரிசை.

இந்நிலையில் பலர் முதலில் நாடுவது திறந்த வாசிப்புச் சட்டம் என்ற அளவுகோலை. முடிவுச் சைகைகளாகிய தை-அ-அ, தை-அ-கு, தை-கு-அ ஆகியவற்றுள் எதுவும் குறுக்கிடாமல், அ-தை-கு என்ற தொடக்கச் சைகையிலிருந்து நீண்டு செல்லும் பகுதியே திறந்த வாசிப்புச் சட்டம். ஓர் இழையை மும்மூன்றாகப் பிரிக்க மூன்று வழிகள்; இரண்டு இழைகளுக்கும் ஆறு. 64 மும்மைகளுள் மூன்று முடிவுச் சைகைகள் என்பதால், எழுத்துகள் தற்செயலாக அமைந்திருந்தால் சராசரியாக 21 மும்மைகளுக்கு ஒரு தடவை வாசிப்பு நின்றுவிடும். நூற்றுக்கணக்கான மும்மைகள் தடையின்றிச் செல்வது மரபணுவின் அடையாளம். எனவே மிக நீண்ட சட்டம் இருக்கும் இழையே சரியான இழை என்று கொள்ளும் பழக்கம் தோன்றியது. தனியொரு மரபணுவைத் தாங்கிய துண்டுக்கு அது பெரும்பாலும் பொருந்தவும் செய்கின்றது.

மரவள்ளி வைரசுக்கு அது பொருந்தாது. உறைப்புரதம் சுமார் 250 அமினோ அமிலங்களால் ஆனது; எதிரிழையின் ஏசி1 தரும் புரதமோ சுமார் 350. மிக நீண்ட சட்டத்தை நம்பி இழையைத் தேர்ந்தெடுக்கும் கணினி நிரல், ஏசி1-ஐக் கண்டு, எதிரிழையையே ‘சரியான’ இழை என்று அறிவித்து முழு வட்டத்தையும் கவிழ்த்துவிடும். நிரல் கணக்கில் தவறவில்லை. அதனிடம் கேட்கப்பட்ட கேள்விதான் தவறானது. வட்டத்தை எந்தத் திசையில் எழுதுவது என்பது மரபணுவின் நீளத்தால் தீர்மானிக்கப்படுவதில்லை. வைரசின் உறைக்குள் இருக்கும் இழையையே எழுத வேண்டும் என்ற உடன்பாட்டினால் தீர்மானிக்கப்படுகின்றது. அந்த இழை எது என்பது ஆய்வினால் நிறுவப்பட்ட உண்மை: துகளிலிருந்து பிரித்தெடுத்த ஓரிழை டி.என்.ஏ., தனக்கு எதிரான இழையை மட்டுமே பற்றிக்கொள்ளும், தன்னை ஒத்த இழையைப் பற்றாது. இவ்வகை வைரசுகளுள் முதன்முதலாக முழு வரிசையும் வெளியானது ஆபிரிக்க மரவள்ளி வைரசு ஒன்றினது. ஸ்டான்லியும் அவருடைய சகாவும் 1983இல் அதை வெளியிட்டனர்.

இன்று புதிதாக வாசித்த வரிசையின் இழையை அறிய நம்பகமான வழி, அறியப்பட்ட புரதங்களோடு ஒப்பிடுவது. வரிசையை ஆறு சட்டங்களிலும் புரதமாக மொழிபெயர்த்து, தரவுத்தளத்தில் உள்ள உறைப்புரதங்களோடு பொருத்திப் பார்த்தால், உறைப்புரதம் எந்த இழையில் அமைகின்றதோ அதுவே எழுதவேண்டிய இழை. எதிரிழையில் அமைந்தால் வரிசை முழுவதையும் திருப்பிவிட வேண்டியதுதான்.

எங்கே தொடங்குவது என்ற கேள்விக்கு, இவ்வைரசுகள் அனைத்துக்கும் பொதுவான ஒன்பது எழுத்து விடை தருகின்றது: தை-அ-அ-தை-அ-தை-தை-அ-சை. பெருக்கத்தைத் தொடக்கும் புரதம் ஏழாம் எழுத்துக்கும் எட்டாம் எழுத்துக்கும் நடுவே உறை இழையை வெட்டுகின்றது. வெட்டுக்குப் பின்வரும் அ-வை முதலாம் எழுத்தாகக் கொண்டு வட்டத்தை எண்ணுவது மரபு. எனவே ஒழுங்காக எழுதப்பட்ட வரிசை அ-சை என்று தொடங்கி, தை-அ-அ-தை-அ-தை-தை என்று முடியும். இதில் ஒரு சூழ்ச்சி ஒளிந்திருக்கின்றது. ஒன்பதின் முதல் எட்டு எழுத்துகளைத் திருப்பி இணையிட்டுப் பார்த்தால் அதே எட்டு எழுத்துகள் வரும். அவையும் ஒரு மாலைமாற்று. முழு ஒன்பதையும் திருப்பினால் கு-தை-அ-அ-தை-அ-தை-தை-அ என்று ஆகும். அதாவது, சரியான இழைக்கும் தவறான இழைக்கும் இடையிலான வேறுபாடு கடைசியில் நிற்கும் ஒரு சை-தான். இந்த ஒன்பதின் இருமருங்கும் உள்ள எழுத்துகளும் துணைசெய்வதில்லை. அவை ஒன்றோடொன்று இணைந்து கொண்டையூசி வடிவத் தண்டாக மடியக்கூடியவை, ஆகையால் இரு திசையிலும் ஒரே மாதிரி வாசிக்கப்படும். எட்டு எழுத்தைத் தேடிக் கண்டவுடன் அதுவே தொடக்கம் என்று வெட்டிவிடுபவர், கவிழ்ந்த வட்டத்தையும் நேரான வட்டம் போலவே வெட்டிவைப்பார்.

கவிழ்ந்தால் விளைவது என்ன என்று கேட்கலாம். இவ்வகை வைரசுகளில், ஏ வட்டத்தின் வரிசை ஏற்கெனவே அறியப்பட்ட எதனோடும் 91 வீதம் ஒத்திராவிட்டால் அதைப் புதிய இனமாகக் கொள்ளலாம் என்பது வைரசு வகைப்பாட்டாளரின் விதி. கவிழ்ந்த வரிசையை நேரான வரிசைகளோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டால் உறவே இல்லாதவை போல எண்கள் விழும். பழைய வைரசு புதிய இனமாகத் தோன்றும். இத்தகைய பிழை பெரும்பாலும் பிடிபட்டுவிடும், ஏனெனில் எண் நம்பமுடியாத அளவுக்குத் தாழ்ந்திருக்கும். ஆனால் வெவ்வேறு இடங்களில் தொடங்கும் பதிவுகளும் எதிரிழைப் பதிவுகளும் பொதுத் தரவுத்தளங்களில் கலந்துகிடப்பதால், ஒப்பீட்டைத் தொடங்கும் முன் ஒவ்வொரு வரிசையையும் ஒழுங்குபடுத்துவது தவிர்க்க முடியாத வேலையாகிவிட்டது. 2002ஆம் ஆண்டு ஆய்வின் முக்கிய முடிவும் இத்தகைய ஒழுங்கின் மீதே நின்றது: இலங்கை வைரசு முன்பு ஒற்றை வட்டத்தோடு வாழ்ந்த ஒன்று, பின்னர் பி வட்டத்தைக் கைப்பற்றிக்கொண்டது என்பதற்கான சான்றுகளை அது முன்வைத்தது. இரு வட்டங்களுக்கும் பொதுவான பகுதியை ஒரே திசையில் அருகருகே வைத்துப் பார்க்காமல் அத்தகைய முடிவுக்கு வர இயலாது.

மரவள்ளிச் செடியின் சொந்த மரபணுக்களுக்கு வேறு சைகைகள் உண்டு. அவற்றுள் இடையிடையே புரதமாகாத இடைப்பகுதிகள் வரும். அப்பகுதிகள் பெரும்பாலும் கு-தை என்று தொடங்கி அ-கு என்று முடியும். எதிரிழையில் வாசித்தால் அவையே சை-தை என்று தொடங்கி அ-சை என்று முடிவதாகத் தோன்றும். அதைக் கண்டவுடன் திசை தவறு என்று அறியலாம். ஆர்.என்.ஏ.யை வாசிக்கும்போது இழையைக் காப்பாற்றும் உத்தியும் உண்டு: அதிலிருந்து ஆக்கிய முதல் டி.என்.ஏ. இழைக்கு இரண்டாம் இழையை ஆக்கும்போது தைமினுக்குப் பதிலாக யூராசிலைக் கலந்துவிட்டு, பின்னர் யூராசில் உள்ள இழையை நொதியத்தால் அழித்துவிட்டால், எஞ்சும் இழை எதுவென்பதில் ஐயம் இராது.

வைரசில் திசைப்பிழை தன்னைத்தானே காட்டிக்கொடுக்கின்றது. மனிதக் குருதியில் அப்படியல்ல. குருதியின் செந்நிறப் புரதமாகிய ஈமோகுளோபினின் பீற்றாச் சங்கிலிக்குரிய மரபணு 11ஆம் நிறமூர்த்தத்தில் உள்ளது. மனித மேற்கோள் மரபுத்தொகுதி இந்நிறமூர்த்தத்தை எழுதும் இழைக்கு எதிரிழையிலேயே இம்மரபணு அமைந்திருக்கின்றது. ஆகவே மரபணுவின் வழியே முன்னேறிச் செல்லும்போது மேற்கோளின் இட எண் குறைந்துகொண்டே போகும்: 38ஆம் பதிப்பில், அரிவாள் கலச்சோகையை உண்டாக்கும் மாற்றத்தின் இடம் 5227002, அதற்கு 77 எழுத்து அப்பால் வரும் இன்னொரு மாற்றத்தின் இடம் 5226925. பின்னதே, முதலாவது இடைப்பகுதியின் ஐந்தாம் எழுத்தாகிய கு, சை-யாக மாறுவது. இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் பீற்றாத் தலசீமியாவுக்கு மிகப் பெரும்பாலும் காரணமாக இருப்பது இதுவே.

இந்த மாற்றத்தை மேற்கோள் இழையில் எழுதினால் சை, கு-வாக மாறியது என்று வரும். மரபணுவின் இழையில் கு என்பது நலம், சை என்பது நோய். மேற்கோள் இழையில் சை நலம், கு நோய். ஆய்வுகூடம் ‘இவ்விடத்தில் கு’ என்று மட்டும் எழுதித் தந்தால், அது நலமுள்ளவரைக் குறிக்கின்றதா நோயாளியைக் குறிக்கின்றதா என்பதை அவ்வெழுத்தைக் கொண்டு எவராலும் சொல்ல முடியாது. அதே இடைப்பகுதியின் முதலெழுத்தாகிய கு, அ-வாக மாறும் இன்னொரு தலசீமியா மாற்றமும் இலங்கையில் பரவலாக உண்டு; அதில் இத்தொல்லை இல்லை, ஏனெனில் எதிரிழையில் அது சை, தை-யாக மாறியதாகத் தெரியும், எழுத்துகளே வேறாக இருப்பதால் இழை மாறியது உடனே புலப்படும். கு-வும் சை-யும், அல்லது அ-வும் தை-யும், தம்முள் இடம் மாறும் மாற்றங்களே கண்ணை மறைப்பவை. 1952இல் லேமனும் கட்புஷும் நீலகிரி மலைவாழ் மக்களிடையே கண்டறிந்த அரிவாள் கலப் பண்பும் இந்த வகையைச் சேர்ந்ததே: மரபணுவில் அ, தை-யாகின்றது, மேற்கோளில் தை, அ-வாகின்றது. உண்டாகும் இரு குருதி நோய்களும் கொடியவை என்பதால், இந்த ஒற்றுமையை வெறும் தற்செயல் என்று கடந்துபோவது மருத்துவருக்குக் கட்டுபடியாகாது.

இக்குழப்பத்துக்கு நடைமுறைத் தீர்வு ஏற்கெனவே உள்ளது. மாற்றத்தை ‘சி.’ என்ற முன்னொட்டோடு, மரபணுவின் குறியீட்டு இழையிலேயே எழுதும் முறை அது. அதன்படி மேற்கண்ட மாற்றம் சி.92+5 கு>சை என்று எழுதப்படும். நிறமூர்த்த இட எண்ணைக் கொண்டு எழுதினால் ‘ஜி.’ என்ற முன்னொட்டோடு, மேற்கோள் பதிப்பின் எண்ணும் சேர்ந்திருக்க வேண்டும். திருமணத்துக்கு முன்போ கருவுற்ற காலத்திலோ தலசீமியா மரபணுப் பரிசோதனை அறிக்கையைப் பெறுவோர், அதில் இவ்விரு முன்னொட்டுகளில் எது இருக்கின்றது என்று பார்க்க வேண்டும். இரண்டும் இல்லாமல் ஓர் எழுத்து மட்டும் இருந்தால், எந்த இழையில் வாசித்தது என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.